பாட்டியின் இசைத்தட்டும் என் இருமலும்

போன செப்டம்பரில் ஒரு நாள், விளக்கேற்றும் நேரத்துக்குச் சரியாகக் கரெண்ட் போயிற்று. வீட்டுக்குள் புழுக்கம் தாங்கவில்லை. விசிறியும் கையுமாக ஒவ்வொருத்தராக மொட்டை மாடிக்கு ஏறி வந்தோம். குக்கரை அணைத்துவிட்டு வந்தவள் ஒருத்தி, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவள் ஒருத்தி, முழங்கால் வலியோடு கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறிய டீச்சரம்மா... எல்லாருமாக ஜமக்காளத்தை விரித்து உட்கார்ந்தாயிற்று.

கீழே தெருவில் இஸ்திரி வண்டிக்காரரின் சின்ன ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பித்ததும் எங்கள் பேச்சு தானாக நின்றுவிட்டது. 1990-ல் வந்த 'சத்ரியன்' படத்தில் சுவர்ணலதா பாடிய பாட்டு. முடிகிற வரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. தோளில் கிடந்த குழந்தைகூடச் சிணுங்கலை நிறுத்திவிட்டது.

பாட்டு முடிந்ததும் பேங்க்கில் வேலை பார்க்கும் அக்காதான் பெருமூச்சு விட்டாள். "எப்பேர்ப்பட்ட குரல்! முப்பத்தேழு எல்லாம் ஒரு சாகிற வயசா?"

அவ்வளவுதான், பேச்சு பற்றிக்கொண்டது. நம்மில் ஒவ்வொருத்திக்கும் இப்படி ஒரு பாட்டுக்காரர் இருக்கிறார், கவனித்திருக்கிறீர்களா? நேரில் பார்த்திருக்க மாட்டோம். ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம். ஆனால் அவர் போன செய்தி வந்த அன்று என்ன சமையல் செய்தோம் என்பதுகூட ஞாபகம் இருக்கும்!

ஆளுக்கு ஒருவர்

டீச்சரம்மாவுக்கு எண்பது வயது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவருக்குக் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம்தான் உயிர்.

"எங்க அக்கா கல்யாணத்துக்கு அவர்தான் வாசிச்சாரு. எனக்கு அப்போ பதினாறு, பதினேழு வயசு. பந்தியிலே இலை போட்டாச்சு, சாதம் பரிமாறியாச்சு, ஆனா உட்கார ஆளில்லை! எல்லாரும் பந்தலிலே நாயனத்துக்கு முன்னாலே உட்கார்ந்துட்டாங்க. எங்கப்பா போய்க் கூப்பிட்டுப் பார்த்தாரு. கடைசியிலே அவரும் அங்கேயே உட்கார்ந்துட்டாரு" என்று சொல்லிச் சிரித்தார்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சியார். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலும் இவருடைய நாகஸ்வரமும் ஒன்றோடொன்று போட்டி போட்டதை நம் அம்மாக்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அதற்கு இரண்டே வருஷம் கழித்து, 1964-ல் அவர் காலமாகிவிட்டார். வயது நாற்பத்து மூன்று.

"எங்கம்மாவுக்குக் கிட்டப்பா" என்று டீச்சரம்மாவே தொடர்ந்தார். எஸ்.ஜி. கிட்டப்பா நாடக மேடையை ஆண்டது கொஞ்ச காலம்தான். 1933-ல் இருபத்தேழு வயதில் போய்ச் சேர்ந்தார். அப்போது கே.பி. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து வயது. அன்றைக்குக் கட்டிய வெள்ளைப் புடவையை 1980-ல் தான் காலமாகும் வரை அந்த அம்மாள் மாற்றவில்லை. "அந்தப் புடவையைப் பார்க்கும்போதெல்லாம் எங்கம்மாவுக்குக் கிட்டப்பா ஞாபகம் வந்துடும்" என்றார்.

இரண்டாவது மாடி மாமிக்கு மாண்டலின் ஸ்ரீநிவாஸ். ஆந்திராவில் பாலகொல்லு என்கிற ஊரில் 1969-ல் பிறந்த பிள்ளை. மேல்நாட்டு வாத்தியத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நம் கர்நாடக சங்கீத மேடைக்கு வந்தபோது அவன் சிறுவன். "நெத்தியிலே விபூதி, கன்னத்திலே குழி, கையிலே பொம்மை மாதிரி ஒரு வாத்தியம். நான் கல்யாணமாகி மெட்ராஸுக்கு வந்த புதுசு. அவன் சிரிச்சுண்டே வாசிக்கிறதைப் பார்த்துட்டு, எனக்கும் இப்படி ஒரு பிள்ளை பிறக்கணும்னு வேண்டிண்டேன்" என்றார் மாமி. 2014 செப்டம்பர் 19-ம் தேதி, நாற்பத்தைந்து வயதில், கல்லீரல் மாற்று சிகிச்சைக்குப் பிறகு ஸ்ரீநிவாஸ் சென்னையில் காலமானார். "பெத்த பிள்ளையைப் பறிகொடுத்த மாதிரி இருந்தது" என்று மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கைக்குழந்தைக்காரிக்கு இருபத்தாறு வயதுதான். அவளுக்குப் பவதாரிணி. 2000-ல் வந்த 'பாரதி' படப் பாட்டுக்காகத் தேசிய விருது வாங்கிய குரல். 2024 ஜனவரி 25-ம் தேதி இலங்கையில் காலமானபோது நாற்பத்தேழு வயது. கல்லீரலில் புற்றுநோய். "அன்னிக்கு எனக்கு அஞ்சாம் மாசம், ஆன்ட்டி. வயித்துலே கையை வச்சுக்கிட்டே அழுதேன். இப்போ இவன் அந்தப் பாட்டைப் போட்டால்தான் தூங்குறான்" என்றாள்.

"உங்களுக்கு யாரு?" என்று என்னைக் கேட்டார்கள்.

எனக்குச் சுவர்ணலதாதான். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் என் பாட்டியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பாட்டிக்கும் ஒரு பாடகி இருந்தாள். மாடியில் அன்று சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், சகோதரிகளே. இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது.

பெட்டியில் இருந்த தட்டு

என் பாட்டி, அம்மாவைப் பெற்றவள், நாகப்பட்டினத்துக்காரி. 1925-ல் பிறந்தவள். அவளுடைய டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய சுங்குடிப் புடவைத் துண்டில் சுற்றி, ஒரு கிராமபோன் தட்டு இருக்கும். வீட்டில் கிராமபோன் கிடையாது. எங்களுக்குத் தெரிந்து அந்தத் தட்டு ஒரு நாள்கூடப் பாடியதில்லை. பேரன் பேத்திகள் யாராவது தொட்டால் மட்டும் பாட்டிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அது என்.சி. வசந்தகோகிலத்தின் தட்டு.

வசந்தகோகிலம் 1919-ல் கேரளத்து இரிஞ்ஞாலக்குடாவில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் காமாட்சி. வளர்ந்ததும் சங்கீதம் கற்றதும் நாகப்பட்டினத்தில். அதனால் பாட்டிக்கு அவர் 'எங்க ஊர்ப் பொண்ணு'. பிற்பாடு குடும்பம் சென்னைக்குப் போயிற்று. கச்சேரி, இசைத்தட்டு, சினிமா என்று மூன்றிலும் பெயர் வாங்கினார். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' படத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு மனைவியாக நடித்தவர் இவர்தான். சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளியைக் கண்ட படம் அது!

பாட்டியும் அவளுடைய தங்கையும் அந்தப் படத்தைச் சேர்ந்து பார்த்திருக்கிறார்கள். தங்கைக்கு அப்போது பதினேழு வயது. நல்ல சாரீரமாம். ஒரு தரம் கேட்டாலே பிடித்துக்கொண்டுவிடுவாளாம். கிணற்றடியில் அவள் வசந்தகோகிலம் மாதிரியே பாட, பாட்டி தண்ணீர் சேந்துவாளாம். தங்கை கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்காமலே போட்ட ஒரே சீர் அந்தத் தட்டு என்று பாட்டி வேடிக்கையாகச் சொல்வாள்.

"அந்தச் சின்னப் பாட்டி இப்போ எங்கே?" என்று சிறு வயதில் கேட்டிருக்கிறேன். "ஜுரத்திலே போயிட்டா" என்பாள். அதற்கு மேல் பேச மாட்டாள்.

1951 நவம்பரில் வசந்தகோகிலம் காலமானார். முப்பத்திரண்டு வயதுதான். க்ஷயரோகம். செய்தி வந்த அன்று பாட்டி அடுப்பு மூட்டவில்லையாம். பின்கட்டில் உட்கார்ந்து அழுதவள் விளக்கு வைத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. மாமனார் வீட்டில் எல்லாரும் சிரித்தார்களாம். "யாரோ ஒரு சினிமாக்காரிக்காக இப்படியா அழுவா?" என்று. இந்தக் கதையை என் அம்மாவே பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறாள். நாங்களும் சிரித்திருக்கிறோம்.

எதற்காக அழுதாள் என்று எங்களுக்குத் தெரிய அறுபது வருஷம் ஆயிற்று.

என் வயசுக்காரி

இனி என் கதைக்கு வருகிறேன். சுவர்ணலதாவும் நானும் ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள், 1973. அவர் பாலக்காட்டுப் பக்கத்தில் சங்கீதக் குடும்பத்தில் பிறந்தவர். 1987-ல் 'நீதிக்குத் தண்டனை' படத்தில், எம்.எஸ். விஸ்வநாதன் இசையில், யேசுதாஸோடு சேர்ந்து பாரதியார் பாட்டைப் பாடி அறிமுகமானபோது அவருக்குப் பதினாலு வயது. எனக்கும் அதே பதினாலு. நான் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கு அழுதுகொண்டிருந்தேன். என் வயசுக்காரி ஒருத்தி யேசுதாஸோடு பாடுகிறாள்! அன்றைக்கே அவரை என் தோழியாக வரித்துவிட்டேன், அவருக்குத் தெரியாமலே.

அதற்குப் பிறகு என் வயதோடு அவர் பாட்டும் வளர்ந்தது. காலேஜ் பஸ்ஸில் 'சின்னத் தம்பி', 'தளபதி' படப் பாட்டுகள். பெண் பார்க்க வந்த நாளில் எதிர் வீட்டு டேப் ரிக்கார்டரில் 'காதலன்'. 'கருத்தம்மா' படத்தில் பாடியதற்காக 1994-ம் வருஷத்துத் தேசிய விருது கிடைத்தபோது, எனக்கே கிடைத்த மாதிரி தெருவில் எல்லாருக்கும் சொன்னேன். பெண் சிசுக்களைக் கொல்லும் கொடுமையைச் சொன்ன படம் அது. என் மூத்தது பெண் என்று தெரிந்ததும் சில பேர் முகத்தைச் சுருக்கினார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நான் மனசுக்குள் பாடிக்கொண்டது அந்தப் பாட்டைத்தான்.

2010-ல் எனக்கு முப்பத்தேழு வயது. பெண்ணுக்கு ஒன்பது, பையனுக்கு நாலு. ஆடி மாதத்திலிருந்து எனக்கு இருமல். முதலில் தூசி என்றேன். பிறகு குளிர்ந்த தண்ணீர் என்றேன். கற்பூரவல்லிச் சாறு, மிளகுக் கஷாயம், திப்பிலியும் தேனும் என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். சாயங்காலமானால் உடம்பு லேசாகக் காயும். ராத்திரி தலையணை வியர்வையில் நனையும். ரவிக்கை எல்லாம் தொளதொளத்தது. "இளைச்சு அழகாயிட்டியே!" என்று இரண்டு பேர் பாராட்டினார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது!

ஆனால் உள்ளுக்குள் ஒரு பயம். நாத்தனாருக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த நேரத்தில் மருமகளுக்கு இருமல் என்று வெளியே தெரியலாமா? யாராவது வந்தால் சமையலறைக்குள் போய், முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு இருமுவேன். தாளிக்கிற நெடி என்று சாக்குச் சொல்வேன். நம் வீடுகளில் எத்தனை நோய்கள் தாளிக்கிற நெடியில் ஒளிந்துகொள்கின்றன, யோசித்துப் பாருங்கள்!

கொழுக்கட்டைக்கு மறுநாள்

அந்த வருஷம் செப்டம்பர் 11-ம் தேதி பிள்ளையார் சதுர்த்தி. அம்மாவும் பாட்டியும் வந்திருந்தார்கள். பாட்டிக்கு எண்பத்தைந்து வயது, ஆனால் காது மட்டும் பாம்புக் காது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மீந்த கொழுக்கட்டையைச் சுட வைத்துக்கொண்டிருந்தபோது டி.வி.யில் செய்தி ஓடிற்று. பாடகி சுவர்ணலதா காலமானார். நுரையீரல் நோய். வயது முப்பத்தேழு.

கையில் இருந்த தட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அழுகையோடு இருமலும் வந்தது. நிற்கவே இல்லை. "என்னம்மா இது, யாரோ ஒரு பாடகிக்காக இப்படியா?" என்றார் என் மாமியார். நாகப்பட்டினத்தில் பாட்டியைப் பார்த்துக் கேட்ட அதே வார்த்தை!

பாட்டி எழுந்து மெல்ல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையை என் வாயிலிருந்து எடுத்தாள்.

"இருமலை ஒளிக்காதேடி கண்ணு. என் தங்கச்சியும் இப்படித்தான் ஒளிச்சா" என்றாள்.

அன்று மத்தியானம்தான் முதல் தடவையாக முழுக் கதையும் வெளியே வந்தது. தங்கை போனது ஜுரத்தில் இல்லை. கல்யாணமாகி இரண்டாம் வருஷம் இருமல் கண்டது. மாமியார் வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று ஆறு மாசம் மறைத்தாள். கபத்தில் ரத்தம் வந்த பிறகு மறைக்க முடியவில்லை. பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து ராத்திரி ரயிலில், அக்கம்பக்கம் அறியாமல், தாம்பரம் சானடோரியத்துக்கு.

தாம்பரத்தில் அந்த சானடோரியம் 1928-ல் ஏற்பட்டது. டாக்டர் டேவிட் சௌரிமுத்து ஆரம்பித்தது. இன்றைக்கும் ரயில் நிலையத்துக்கே அதுதான் பெயர். நல்ல காற்று, பால், முட்டை, ஓய்வு. அந்தக் காலத்தில் பெரும்பாலும் அவ்வளவுதான் வைத்தியம். ஸ்ட்ரெப்டோமைசின் என்கிற மருந்து 1943-ல் கண்டுபிடிக்கப்பட்டிருந்தாலும் நாகப்பட்டினத்துக் குடும்பத்துக்கு அது எட்டாத விலை. 1950-ல் தங்கை போய்விட்டாள். இருபத்து மூன்று வயது.

"வாய்விட்டு அழக்கூட விடலைடி. கடைக்குட்டித் தங்கச்சி கல்யாணத்துக்கு நின்னுக்கிட்டிருந்தா. க்ஷயம் இருந்த குடும்பம்னு தெரிஞ்சா எவன் வருவான்? ஜுரம்னு சொல்லணும், அழுகை ஜாஸ்தி கூடாதுன்னு எங்கப்பா கண்டிஷனாச் சொல்லிட்டார். அடக்கிக்கிட்டேன். அடுத்த வருஷம் வசந்தகோகிலம் போயிட்டான்னு பேப்பர்லே வந்தது. அதே வியாதி. அவளுக்காக அழறதை யாரு தடுக்க முடியும்? என் தங்கச்சிக்கும் சேர்த்து அழுதேன்."

அம்மா சிலையாக உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷமாகச் சிரித்த கதை அல்லவா!

பாட்டி என் மாமியார் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். "சம்பந்தியம்மா, நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டிடுங்க. யாருக்குத் தெரிஞ்சாலும் பரவாயில்லை" என்றாள்.

ஆறு மாதம்

மறுநாள் காலையில் அவர் லீவு போட்டுவிட்டு என்னை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார். இரண்டு தடவை சளி எடுத்துப் பரிசோதித்தார்கள். மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். காச நோய் என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது. "இனிமே என் தட்டு, டம்ளர் எல்லாம் தனியா? குழந்தைங்களைத் தொடக்கூடாதா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

அந்த அம்மாள் சிரித்தார். "தட்டாலே இது ஒட்டாது. இருமும்போது காற்றிலேதான் பரவும். வாயை மூடிக்கொண்டு இருமுங்க, ஜன்னலைத் திறந்து வையுங்க. மருந்து ஆரம்பித்துச் சுமார் இரண்டு வாரத்திலே பரவுகிற வேகம் வெகுவாகக் குறைஞ்சிடும். ஆனால் ஆறு மாதமும் ஒரு வேளை விடாமல் சாப்பிடணும்" என்றார். பையன் சின்னவன் என்பதால் அவனுக்கும் பரிசோதனை செய்து, நோய் வராமல் தடுக்க ஐசோநியாசிட் மாத்திரை கொடுத்தார்கள். எல்லாமே இலவசம்.

முதல் மாத்திரை போட்ட அன்று சிறுநீர் செக்கச் செவேலென்று போனதைப் பார்த்து அலறிவிட்டேன். ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம் அது, பயமில்லை என்று நர்ஸ் விளக்கினார். இரண்டாம் மாதமே இருமல் நின்றது, பசி எடுத்தது, ரவிக்கை சரியாயிற்று. குணமாகிவிட்டோமே, இனி எதற்கு மாத்திரை என்று தோன்றிய கட்டமும் அதுதான். அங்கேதான் பலர் தவறுகிறார்கள். பாதியில் நிறுத்தினால் கிருமி சாகாமல், மருந்துக்கு அடங்காததாக மாறித் திரும்பி வரும். பாட்டி ஒவ்வொரு ராத்திரியும் நாகப்பட்டினத்திலிருந்து போன் போட்டு, "மாத்திரை போட்டியாடி?" என்று கேட்பாள். இல்லையென்றால் நானும் நிறுத்தியிருப்பேனோ என்னவோ!

நாத்தனார் கல்யாணம்? தை மாதத்தில் நன்றாகவே நடந்தது. பெண் பார்க்க வந்தவர்களிடம் என் மாமியாரே, "என் மருமகளுக்கு டி.பி. வந்து மருந்து சாப்பிடறா, குணமாயிட்டு வரா" என்று சொல்லிவிட்டார்! அந்த மாப்பிள்ளையின் அப்பாவுக்கும் ஒரு காலத்தில் வந்து குணமானதாம். என் மாமியாரை நான் அன்று புதிதாகப் பார்த்தேன்.

சென்னை கொடுத்த கொடை

வீட்டிலிருந்தபடியே காச நோயைக் குணப்படுத்தலாம் என்று நிரூபித்ததில் நம் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி மையம் ஏற்பட்டது. நோயாளிகளில் ஒரு பாதிப் பேரை சானடோரியத்தில் வைத்தார்கள். மறு பாதிப் பேருக்கு அவரவர் வீட்டிலேயே மருந்து. நெருக்கமான வீடுகள், போதாத சாப்பாடு. அப்படியிருந்தும், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டில் இருப்பவர்களும் சானடோரியத்தில் இருப்பவர்களைப் போலவே குணமாகிறார்கள், கூட இருக்கும் குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்று 1959-ல் முடிவு வெளியாயிற்று. ராத்திரி ரயிலில் ஒளித்துக் கொண்டுபோக வேண்டிய அவசியமே அதன் பிறகு இல்லை. குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஐசோநியாசிட் மருந்து உபயோகத்துக்கு வந்தது 1952-ல். வசந்தகோகிலம் போனது 1951 நவம்பரில். சின்னப் பாட்டி போனது அதற்கும் முந்தின வருஷம். இதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது. அவர்களுக்கு மருந்து வந்து சேரவில்லை. நமக்கு மருந்து வாசலில் நிற்கிறது, நாம்தான் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

சுவர்ணலதாவுக்கு வந்த நோய் வேறு, எனக்கு வந்த நோய் வேறு. ஆனால் அவர் செய்திதான் என்னை அழ வைத்தது. அந்த அழுகைதான் என் இருமலைப் பாட்டியின் காதில் போட்டது. அவரிடம் நான் பட்ட கடனை எப்படித் தீர்ப்பேன்?

மாடியில் கேட்ட கேள்விகள்

இவ்வளவையும் சொல்லி முடித்ததும் கைக்குழந்தைக்காரிதான் முதலில் கேட்டாள். "பால் கொடுக்கிற அம்மாவுக்கு வந்தா என்ன ஆன்ட்டி பண்றது?" அவளுக்குச் சொன்ன பதிலை, என் டாக்டரம்மாவிடம் மறுபடி கேட்டுச் சரிபார்த்து, இங்கே எழுதுகிறேன்.

பால் கொடுக்கும் தாயும், கர்ப்பிணியும் டாக்டர் சொற்படி மருந்து சாப்பிடலாம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. பால் கொடுக்கும்போது வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டால் போதும். குழந்தைக்குத் தடுப்பு மருந்து தேவையா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்வார். பிறந்ததும் போடும் பி.சி.ஜி. ஊசியைத் தவற விடாதீர்கள். குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாக வரும் கடுமையான காச நோயிலிருந்து அது காப்பாற்றுகிறது.

கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். ரிஃபாம்பிசின் அந்த மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். கண் மஞ்சளித்தாலோ, ஓயாமல் வாந்தி வந்தாலோ உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். கல்லீரலைப் பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா?

எப்போது சந்தேகப்பட வேண்டும்? இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், சாயங்கால ஜுரம், ராத்திரி வியர்வை, காரணமில்லாத இளைப்பு, சளியில் ரத்தம் இவற்றில் எதுவாவது இருந்தால், கஷாயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சளிப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சத்தான சாப்பாட்டுக்காக நோயாளியின் வங்கிக் கணக்கில் 2018 முதல் மாதம் 500 ரூபாய் போட்டுவந்தார்கள். 2024 நவம்பரிலிருந்து அதை 1,000 ரூபாயாக்கியிருக்கிறார்கள்.

தட்டு பாடியது

2011-ல், என் ஆறு மாத மருந்து முடிந்து, சளியில் கிருமி இல்லை என்று தெரிந்ததும் பாட்டியைப் பார்க்கப் போனேன். என் தம்பி கம்ப்யூட்டரில் தேடி வசந்தகோகிலத்தின் பழைய பாட்டு ஒன்றைப் போட்டான். கரகர என்ற இரைச்சலுக்கு நடுவே அந்தக் குரல் வந்ததும், பாட்டி காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். கல்யாணத்துக்குப் போட்ட தட்டில் இருந்த அதே பாட்டாம். அவள் அதைக் கேட்டு அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இந்தத் தடவை அழவில்லை. முடிந்ததும், "இந்த இடத்திலே தங்கச்சி இதைவிட ஒரு சுழி கூடப் போட்டுப் பாடுவா" என்றாள். தங்கையின் பெயரையும் சொன்னாள். அந்தப் பெயரை நாங்கள் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

அதற்கு மறு வருஷம் பாட்டி தூக்கத்திலேயே போய்விட்டாள். தட்டு இப்போது என் பீரோவில் இருக்கிறது, அதே சுங்குடித் துண்டில். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. முப்பத்தேழோடு நின்றுவிட்ட என் வயசுக்காரியின் பாட்டைக் கேட்டுக்கொண்டே தினமும் சப்பாத்திக்கு மாவு பிசைகிறேன்.

மாடியில் அன்று ஒன்பது மணிக்குத்தான் கரெண்ட் வந்தது. எல்லாரும் ஜமக்காளத்தை உதறிக்கொண்டு எழுந்தோம். படியிறங்கும்போது பேங்க் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "எங்க வீட்டு வேலைக்கு வர்ற அம்மா ஒரு மாசமா இருமிக்கிட்டே இருக்காங்க. நான் பாட்டுக்கு, தூரமா நின்னு பாத்திரம் தேய்ங்கன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்..." என்று இழுத்தாள்.

மறுநாள் காலை நாங்கள் மூன்று பேருமாக ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு பாட்டுக்காரர் இருப்பார். அவருக்காக அழத் தோன்றினால் அழுங்கள், யார் சிரித்தாலும் கவலைப்படாதீர்கள். ஆனால் அழுது முடித்ததும், உங்கள் வீட்டில் யாராவது முந்தானைக்குள் இருமுகிறார்களா என்று ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேளுங்கள்.